பொய் சொன்னேன், சண்டை போட்டேன், பேச்சுக் கேட்கவில்லை: புதுநன்மை வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மறைக்கல்வி ஆசிரியர்களே, அருட்சகோதரிகளே, பங்குத்தந்தையரே,

கோடை விடுமுறை வந்ததும், பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்கத் தயாராகும் புதுநன்மை வகுப்புகள் தொடங்கிவிடும். மந்திரங்களை ஒப்பிக்கவும், கைகூப்பி வரிசையில் நடக்கவும், நற்கருணை வாங்கவும் நாள்கணக்கில் பழக்குவீர்கள். அதற்கு முன்னால் நடக்க வேண்டிய முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, பல இடங்களில் ஒரே ஒரு மதியம்தான் ஒதுக்கப்படுகிறது. அந்த மதியத்தில் பிள்ளை கற்றுக்கொண்டு போவது மூன்றே வரி: "பொய் சொன்னேன், சண்டை போட்டேன், அப்பா அம்மா பேச்சுக் கேட்கவில்லை."

எட்டு வயதுக்கு அது போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அறுபது வயதிலும் அதே மூன்று வரியோடு வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தே இருபது வருடம் ஆகியிருக்கும்! அப்படியென்றால் பாவம் என்ன என்பதை நாம் எங்கேயோ சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கிறோம்.

முதலில் அந்தச் சொல்லையே பிரித்துக் காட்டுங்கள். பேருந்தில் நின்றுகொண்டே வரும் பாட்டியைப் பார்த்து "பாவம்" என்கிறோம், அது இரக்கம். பாவ புண்ணியம் என்று சேர்த்துச் சொன்னால் அது கணக்கு. இந்தப் பக்கம் ஏறியதை அந்தப் பக்கம் கழித்துக்கொள்ளலாம். கிறிஸ்தவர் சொல்லும் பாவம் இந்த இரண்டும் இல்லை. நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் வரும் சொல் ஹமார்த்தியா, குறி தவறுதல். அதைவிடத் தெளிவாகச் சொல்வது லூக்கா 15. தன் பங்குச் சொத்தை வாங்கிப்போய் அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன் எவ்வளவு அழித்தேன் என்று தந்தையிடம் கணக்குக் காட்டவில்லை. "கடவுளுக்கும் உமக்கும் எதிராக" என்று ஆளைச் சொல்கிறான். அறுந்தது உறவு. உண்டியலில் போடும் பத்து ரூபாயால் அதை நேர்செய்ய முடியாது.

தீட்டும் பாவமும் ஒன்றில்லை என்பதையும் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நாளில் நற்கருணை வாங்கலாமா என்ற கேள்வி வளர்ந்த பெண்பிள்ளைகளிடம் இருக்கிறது, கேட்கத்தான் கூச்சம். வாங்கலாம். மனிதரைத் தீட்டுப்படுத்துவது உள்ளத்திலிருந்து வருவது என்று மாற்கு 7-ல் இயேசுவே சொல்லியிருக்கிறார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டதற்கு, இவரும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றார் (யோவான் 9). ஊனமுள்ள பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்தது, எது சாவான பாவம், அதாவது கடவுளோடுள்ள உறவையே அறுக்கும் பெரிய பாவம் என்ற கேள்வி. மூன்றும் சேர்ந்தால்தான்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. இறைச்சி ஒதுக்க வேண்டிய தவக்கால வெள்ளி என்பதே மறந்து பிரியாணி சாப்பிட்டவருக்குச் சம்மதம் இருந்தது, அறிவு இல்லை. கனவில் வந்ததற்கு அறிவும் இல்லை, சம்மதமும் இல்லை. கெட்ட எண்ணம் வந்து போவது சோதனை. அதை உட்காரவைத்து உபசரிப்பதுதான் பாவம். பக்கத்துப் பையனின் ரப்பரை எடுத்தது அற்பப் பாவம். அன்றாடங்காய்ச்சியின் கூலியைப் பிடித்துவைப்பது அப்படி இல்லை, யாக்கோபு 5 அதை ஆண்டவரின் காதுவரை கேட்கும் கூக்குரல் என்கிறது. இந்த மூன்றையும் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் ஒரு சிலர் தொட்டதெல்லாம் பாவம் என்று நடுங்குவார்கள்; மற்றவர்கள் எதுவுமே உறைக்காமல் வளர்வார்கள். நடுங்குகிறவர்களை ஒரே குருவிடம் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். ஒருமுறை சொல்லி மன்னிக்கப்பட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள்.

பழைய ஞானோபதேசத்தில் (மறைக்கல்விப் பாடத்தில்) பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து படி உண்டு: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்வது, குருவிடம் சொல்வது, அபராதம் தீர்ப்பது (செய்ததற்கு ஈடு செய்வது). நாலாவதை மட்டும் ஒத்திகை பார்க்கிறோம். அதிலும் தவறு நேர்கிறது. கனமான பாவத்தை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்று 1551-ல் ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் சொன்னது இன்றும் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. "பல தடவை" என்பதைவிட "மாதம் ஒருமுறை, ஒரு வருடமாக" என்பது சரியான பதில். கதை வேண்டாம், அடுத்தவர் பெயர் வேண்டாம். "எங்க மாமியார் என்ன செஞ்சாங்கன்னா சாமி" என்று தொடங்குவது மாமியாரின் பாவசங்கீர்த்தனம்.

ஐந்தாவது படிதான் மிகவும் நொண்டுகிறது. குரு அபராதமாகக் கொடுத்த மூன்று பரலோக மந்திரம் சொன்னதோடு தீர்ந்தது என்று பிள்ளை நினைக்கிறது. திருடியது பென்சில் என்றால் பென்சில் திரும்பிப் போக வேண்டும். நேரில் கொடுக்க வெட்கமாக இருந்தால் அவன் பையில் வைத்துவிடலாம், அதுவும் செல்லும். பெயரைக் கெடுத்திருந்தால் இன்னும் கடினம்: எந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டோமோ அதே குழுவில் "நான் சொன்னது தவறு" என்று எழுத வேண்டும். பதிவை அழித்துவிடுவது ஈடு ஆகாது, படித்தவர்கள் படித்துவிட்டார்கள். வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நாலு மடங்காகவும் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்று சொன்ன காட்சியைப் பிள்ளைகளை நடிக்கவைத்துப் பாருங்கள். விளக்கமே தேவைப்படாது.

திருப்பலியில் நாம் மார்பில் தட்டிச் சொல்வது நான்கு: சிந்தனை, சொல், செயல், கடமையில் தவறியது. அந்த நாலாவது மூன்று வரிப் பட்டியலில் எங்கேயும் இல்லை. இந்திய ஆயர் பேரவை 1982-ல் திருச்சியில் கூடியபோது சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தது. ஆனால் சாதிக்கொரு கல்லறை இருக்கும் ஊர்களில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு (குரு உட்கார்ந்து பாவங்களைக் கேட்கும் இடத்துக்கு) வருவது "சண்டை போட்டேன்"தான். கல்லறைக்கு நடுவில் சுவர் வேண்டும் என்று கூட்டத்தில் கைதூக்கியதையோ, தூக்காமல் வாய்மூடி இருந்ததையோ எத்தனை பேர் பாவமாக நினைத்துப் பார்க்கிறார்கள்? பாவங்களை நினைத்துப் பார்க்கப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் ஆன்ம சோதனைத் தாளில் இது அச்சாகி வரட்டும்.

பங்குத்தந்தையருக்கு ஒரு கணக்கு. புனித வாரத்தில் 300 பேர், 3 குருக்கள், 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 72 விநாடி. ஆசீரும், அறிவுரையும், மன்னிப்பு வார்த்தையும் போனால் மிச்சமிருப்பதில் மூன்று வரிதான் சொல்ல முடியும். அந்தப் பட்டியலை வளர்ப்பதில் வரிசைக்கும் பங்கு இருக்கிறது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முதலே சனிக்கிழமைத் திருப்பலிக்கு முன் முக்கால் மணி நேரம் தொட்டியில் உட்காருங்கள், நேரத்தை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். புதுநன்மைப் பிள்ளைகள் 40 பேர் என்றால், ஆளுக்கு 4 நிமிடம் வைத்தாலும் 160 நிமிடம். ஒரே நாளில் திணிக்காமல் மூன்று சனிக்கிழமைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று பாக்கி. பாவங்களைத் தாளில் எழுதிவரச் சொல்வது நல்ல பழக்கம். அதை வாங்கிப் படித்து எழுத்துப்பிழை திருத்துவது கூடாது. கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் குரு வெளியே சொல்லக்கூடாது, இன்னார் இன்ன பாவம் செய்தார் என்று நேரடியாகச் சொன்னால் அந்தக் கணமே அவர் சபைநீக்கத்துக்கு உள்ளாவார் என்று ஒருபக்கம் சொல்லிவிட்டு, மறுபக்கம் டீச்சர் கையில் தாள் போனால் பிள்ளை எதை நம்பும்? அடுத்த தடவை டீச்சர் படிக்கத் தக்கதை மட்டும்தான் எழுதும்: பொய் சொன்னேன், சண்டை போட்டேன். தாள் பிள்ளையின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். தொட்டியை விட்டு வெளியே வந்ததும் அதுவே கிழித்துப் போட ஒரு குப்பைக்கூடை மட்டும் வாசலில் வையுங்கள்.

இயேசுவில் அன்புடன்,
மறைக்கல்விப் பணியில் உங்களோடு இருக்கும் சிலர்