தேங்காய்க் கடையும் கிரிக்கெட் அணியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் இருபது ஓவர் கிரிக்கெட் தொடரான எஸ்ஏ20இல் ஆறு அணிகளுமே ஐபிஎல் முதலாளிகளின் கையில் இருப்பதைப் பெருமையோடு எழுதியிருந்தீர்கள். டர்பனில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. சென்னை அணி முதலாளிகளின் ஜோபர்க் சூப்பர் கிங்ஸ் இங்கே கிங்ஸ்மீட் மைதானத்துக்கு ஆட வந்தால், தூத்துக்குடிக்காரனான நான் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு டர்பன் ரசிகர்களுக்கு நடுவே புல்மேட்டில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரரும் கூட வருவார். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல். தாத்தா, ஆயா, காவடி என்பதற்கு மேல் தமிழ் வராது. ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் மட்டன் ‘பன்னி சௌ’வைக் காகிதத்தோடு மடியில் வைத்துக்கொண்டு, ரொட்டியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்தபடியே என்னைத் துரோகி என்று திட்டுவார்.

ஆனால் இந்த முதலாளிகளுக்கு வேறு என்னென்ன தொழில் இருக்கிறது, அதுவும் அணியும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பொருளாளர் நல்ல மனிதர், கடை வைத்திருப்பவர். தைப்பூசத்துக்குத் தேங்காய், கற்பூரம், வாழைப்பழம் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும். விலை கூடுதல் என்று யாரும் குறை சொன்னதில்லை. ஒரு வருஷம் பாதித் தேங்காய் அழுகல். காவடிகள் வந்து நிற்க, உடைக்க உடைக்க நாற்றம். புகாரை யாரிடம் கொடுப்பது? பில் கொடுத்தவரும் அவர், பில்லைச் சரிபார்த்துக் காசோலை எழுதுகிறவரும் அவர். மறு வருஷத்திலிருந்து ஒரு வழக்கம் வந்தது. கொட்டேஷன் பிரிக்கும் நேரத்தில் அவர் எழுந்துபோய் வராந்தாவில் நின்று டீ குடிப்பார். இப்போதும் பெரும்பாலும் அவர் கடைத் தேங்காய்தான் வருகிறது. முணுமுணுப்புதான் நின்றுவிட்டது.

சரி, கிரிக்கெட்டுக்கு வருவோம். எம்ஐ கேப்டவுன் அணி ரிலையன்ஸுடையது. 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஆட்டங்களை இந்தியாவில் இணையத்தில் காட்டும் உரிமையை 23,758 கோடி ரூபாய்க்கு எடுத்த வயாகாம்18, அதே குழுமத்து நிறுவனம். எஸ்ஏ20 ஆட்டங்களை இந்தியாவில் ஒளிபரப்பும் உரிமையையும் பத்து வருஷத்துக்கு அதுதான் எடுத்தது; பிறகு ஸ்டாரோடு சேர்ந்து ஜியோஸ்டார் ஆனது. அணியை வைத்திருப்பவரும், அந்த அணி ஆடும் தொடருக்கு ஒளிபரப்புப் பணம் கட்டுகிறவரும் ஒரே குடும்பம். இதில் தப்பு நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆட்ட நேரமும் அட்டவணையும் முடிவாகும்போது யார் வராந்தாவில் நிற்கிறார் என்றுதான் கேட்கிறேன்.

நம் ஊர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2008இல் இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை வாங்கியபோது, அந்த நிறுவனத்தின் சீனிவாசன் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். (ஆமாம், அங்கேயும் பொருளாளர்தான்.) வாரிய நிர்வாகிகள் அதன் ஆட்டங்களில் வணிக ஆதாயம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்த விதியில், ஐபிஎல் போன்ற தொடர்களுக்கு விலக்கு கொடுத்து அதே வருஷம் திருத்தம் வந்தது. 2013இல் சூதாட்ட விவகாரம் வெடித்தபோது, சிக்கிய தன் மருமகனைப் பற்றி விசாரிக்க வேண்டிய வாரியத்துக்கு மாமனாரே தலைவர். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைத் தூக்கி எறிந்தது. ஜூலையில் அந்த நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருஷத் தடை போட்டது. 2016, 2017 இரண்டு சீசனும் என் மஞ்சள் சட்டை அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

இந்த நாட்டுக்கும் இது புதிதில்லை. கால்பந்தில் ஆர்லாண்டோ பைரேட்ஸின் தலைவர் இர்வின் கோசாதான் லீக்குக்கும் தலைவர். மாமெலோடி சன்டவுன்ஸ் முதலாளி பாட்ரிஸ் மோட்சேபே, 2021இல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானதும் கிளப்பை மகனிடம் கொடுத்தார். அது வராந்தாவுக்குப் போனதா, அறைக்குள்ளேயே நாற்காலி மாறி உட்கார்ந்ததா என்று பக்கத்து வீட்டுக்காரரும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஐரோப்பாவில் இவ்வளவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. எஃப்ஏ கோப்பையை வென்று யூரோப்பா லீக்குக்குப் போக வேண்டிய இங்கிலாந்துக் கால்பந்து கிளப் கிரிஸ்டல் பேலஸை, அதன் பங்குதாரர் ஒருவருக்கு பிரான்ஸின் லியோன் கிளப்பும் இருந்தது என்பதற்காக 2025இல் ஒரு படி கீழே இறக்கிவிட்டார்கள்.

ஆட்டக்காரர்கள் பாடுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இந்த முதலாளிகளில் ரிலையன்ஸுக்கு இந்தியா, தென்னாப்பிரிக்கா, அமீரகம், அமெரிக்கா, இப்போது இங்கிலாந்து என்று போகிற இடமெல்லாம் அணி. ஒரே வீட்டுக்கு ஐந்து வாசல் மாதிரி. கேப்டவுனில் முதலாளியின் மனம் கோணினால் நியூயார்க்கிலும் அமீரகத்திலும் கதவு சாத்தப்படுமோ என்று ஒரு பையன் நினைக்க மாட்டானா? முழங்கால் வலிக்கிறது, இந்த ஆட்டம் வேண்டாம் என்று அவனால் துணிந்து சொல்ல முடியுமா?

எங்கள் தென்னாப்பிரிக்க வாரியமே எஸ்ஏ20இன் பெரிய பங்குதாரர் என்பது இன்னொரு சிக்கல். 2024 தொடக்கத்தில் நியூசிலாந்துக்கு டெஸ்ட் ஆடப் போக வேண்டியிருந்தது. அதே நாட்களில் எஸ்ஏ20. முன்னணி ஆட்டக்காரர்கள் எஸ்ஏ20க்காக இங்கேயே இருந்தார்கள். ஒரு டெஸ்ட்கூட ஆடியிராத நீல் பிராண்டைக் கேப்டனாக்கி அனுப்பினார்கள். இரண்டு டெஸ்டிலும் தோல்வி. நாட்டு அணியைக் காக்க வேண்டியவரும் கடைக்காரரும் ஒருவரே என்றால் இப்படித்தான். இதைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர், 2025இல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று நம் கேப்டன் பவுமா உலக டெஸ்ட் கோப்பையைத் தூக்கினாரே என்று வாயை அடைத்துவிடுவார். நியாயம்தான். லீக்கால் வரும் பணமும் வாரியத்துக்குத் தேவைதான். முதலாளிகள் வெளியேற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாருக்கு எந்த நிறுவனம், எந்த லீக்கில் எவ்வளவு பங்கு, எந்தக் கூட்டத்தில் யார் எழுந்து வெளியே போனார் என்பதை வருஷா வருஷம் வெளியிடட்டும்.

இன்னொன்று. உங்கள் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் வந்திருந்த முழுப்பக்க விளம்பரம் அந்த முதலாளிகளில் ஒருவரின் நிறுவனத்தினுடையது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றே நம்புகிறேன். கட்டுரையின் அடியில் அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சாட்ஸ்வர்த், டர்பன்.