பழசெல்லாம் நல்ல வைன் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல சிவப்பு வைன் பற்றி வந்த கட்டுரை வாசிச்சன், நல்லாத்தான் இருந்தது, ஆனா கடைசியில 'எவ்வளவு பழசோ அவ்வளவு ருசி' எண்டு ஒரு வரி போட்டிருக்கிறீங்கள், அதுக்குத்தான் இந்தக் கடிதம். நான் பாரிஸில ரெஸ்டோரண்ட் குசினியில நிக்கிற ஆள், வைன் படிச்சவன் இல்லை, எங்கட சொமெலியே (ரெஸ்டோரண்டில வைன் தெரிஞ்சு குடுக்கிறவர்) பழைய போத்தல் திறக்கேக்க ஒரு வாய் தந்து தந்து பழக்கினதுதான் எனக்குத் தெரிஞ்சது.

கடையில கிடக்கிற வைன்ல பெரும்பாலானது ரெண்டு மூண்டு வருஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கத்தான். நவம்பர் மூண்டாம் வியாழன் வாற பொஜோலே நுவோ எண்ட அந்த வருஷத்துப் புது வைனை பத்து வருஷம் வச்சிருந்து என்ன செய்யிறது? வச்சா நல்லா வாறது கொஞ்சம்தான், பிரான்ஸில போர்தோ பக்கத்து மெடோக் வைன், இத்தாலியின்ர பரோலோ வைன் மாதிரி.

ஒருக்கா 1990ஆம் ஆண்டு சென் ஜூலியன் (மெடோக்கில ஒரு ஊர்) போத்தல் ஒண்டில அடியில கொஞ்சம் மிஞ்சினது. வெள்ளை மேசைத்துணிக்கு மேல கிளாஸைச் சரிச்சுப் பிடிச்சு விளிம்பைப் பார் எண்டார் சொமெலியே. புது வைன் நாவல்பழச் சாறு மாதிரி ஊதாவா இருக்கும், இது நடுவில மங்கின சிவப்பு, ஓரத்தில பழைய செங்கல் நிறம். வாயைக் கயர்க்க வைக்கிற டானினும் நிறம் குடுக்கிற சாமானும் வருஷக்கணக்கில ஒண்டோட ஒண்டு சேர்ந்து பாரமாகி அடியில மண்டியா இறங்கிவிடுமாம், அதாலதான் நிறமும் குறையுது கயரும் குறையுது. (இதுக்காகத்தான் போத்தலை முதல் நாளே நிமித்தி வச்சு, அடுத்த நாள் மெல்லமா ஊத்துறது, நான் தெரியாமல் ஒருக்கா குலுக்கி வாங்கிக் கட்டினனான்.)

ஆனா நிறத்தை மட்டும் நம்பேலாது, பரோலோ இளசிலயே வெளிறித்தான் இருக்கும். மணக்க வேணும். அந்த 1990இல பழ மணம் அடங்கி, சுருட்டுப் பெட்டி, தோல், மழை பெய்ஞ்சு நனைஞ்ச சருகு, கொஞ்சம் காளான் எண்டு ஒவ்வொண்டா வந்தது. நனைஞ்ச காட்போட் மட்டை மாதிரி மணந்தா அது வயசு இல்லை, தக்கையால வந்த பழுது. வாயில வச்சா கடும் சாயப் பிளேன்டீ மாதிரிப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போச்சு, விழுங்கின பிறகும் ருசி கன நேரம் நிண்டது. பழமும் கயரும் புளிப்பும் ஒண்டையொண்டு அமத்தாமல் நிண்டா அதுதான் பக்குவம் எண்டார். பழம் போய் புளிப்பு மட்டும் தனிய நிண்டா கிழடு தட்டிட்டுது. பழமும் இருக்கு வாயும் கயர்க்குது எண்டா இன்னும் கொஞ்ச வருஷம் வச்சிருக்கலாம், ஆனா எப்பவும் அப்படி நடக்காது, 1975 போர்தோ கனக்க கயர் இளகமுதல் பழம் காய்ஞ்சு போனதுகள் எண்டு சொல்லுவினம். அரை மணித்தியாலத்தில எங்கட கிளாஸும் சோர்ந்து போச்சு, பழசை திறந்து வச்சுக் கதைச்சுக்கொண்டிருக்கேலாது.

இதை ஏன் எழுதுறன் எண்டா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மகள் பிறந்த வருஷம் சுப்பர்மார்க்கெட்டில அஞ்சு யூரோக்கு வாங்கின போத்தலை குசினி அலுமாரிக்கு மேல, பக்கத்தில ஹீட்டர், அதில பதினெட்டு வருஷம் நிமித்தி வச்சிருந்து பிறந்தநாளுக்குத் திறந்தார். தக்கை காய்ஞ்சு பொடிப்பொடியா உதிர்ந்தது, உள்ள மண்ணிறத் தண்ணி, வினாகிரி மணம். பழசெண்டா நல்லது எண்டு எல்லாரும் சொன்னதை நம்பினவர்தான் அவரும். வைக்கத்தான் வேணுமெண்டா 2016 மாதிரி நல்ல வருஷத்து மெடோக் ஒண்டு வாங்கி, கட்டடத்துக்குக் கீழ இருக்கிற காவ்ல (நிலவறையில) படுக்க வையுங்கோ, வெப்பம் ஏறி இறங்காமல் 12, 13 டிகிரியில நிண்டாக் காணும், ஏலுமெண்டா ரெண்டு மூண்டா வாங்குங்கோ, ஒண்டை இடையில திறந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாரிஸ்