பதினெட்டு ஓட்டமா, ஒன்பதா?

அன்புள்ள கண்ணா,

அமெரிக்கன் ஃபுட்பாலில், பந்தை முதலில் கையில் வாங்கி வீசும் குவார்ட்டர்பேக் தானே எத்தனை முறை ஓடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு, "பத்துக்கு மேல் வேண்டாம்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். "அம்மா, நீ கிளினிக்ல பேசுற மாதிரியே பேசுற. கொஞ்சம் கோச் மாதிரி யோசி" என்று சிரித்தாய். அன்றிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன்.

அடுத்த சீசனில் குவார்ட்டர்பேக் ஆட்டத்துக்கு எத்தனை முறை பந்தோடு ஓடலாம் என்று ஒரு பக்கம் எழுதித் தரும் வேலையை, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத உன்னிடம் ஹெட் கோச் கொடுத்திருக்கிறார். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "இதுக்கா மாஸ்டர்ஸ் படிச்சான்?" என்றார். அப்புறம் அவரே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிவரை பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்ததே நீதான். உனக்குப் பதினொரு வயது. சமையல் மேடையில் நம்ம பக்கம் 10 கொண்டைக்கடலை, எதிர்ப்பக்கம் 11 உளுந்து. நம்ம பதினோராவது ஆளான குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் ஒரு முந்திரி. பந்தோடு ஓடுவதே வேலையான ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுத்துவிட்டு முந்திரி சும்மா நின்றால் அவன் கணக்கிலேயே இல்லை, எதிரிக்கு ஓர் ஆள் மிச்சம் என்றாய். அதற்காகத்தான் ஸோன் ரீட்: எதிரணியின் தடுப்பு வரிசை ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை யாரும் தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அவன் ரன்னிங் பேக்மீது பாய்ந்தால் முந்திரி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடும். அவன் நின்று பார்த்தால் பந்து ரன்னிங் பேக்குக்குப் போகும். ஒரு ஆளையும் தொடாமலேயே ஒரு ஆளைக் குறைத்துவிடும் வித்தை. எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. பாடம் முடிந்ததும் முந்திரியை நீ வாயில் போட்டுக்கொண்டாய்.

ஆக, குவார்ட்டர்பேக் ஓடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடமாட்டான் என்று தெரிந்துவிட்டால் அந்த டிஃபென்சிவ் எண்ட் எதற்கு நின்று பார்க்கப்போகிறான்? ஓடுவான் என்ற பயம் இருக்கவேண்டும். அந்தப் பயத்தைக் காப்பாற்ற எத்தனை முறை ஓடினால் போதும் என்பதுதான் நீ எழுதவேண்டிய பக்கம். உன் கணக்கு 18 என்றாய். பாதி போதும் என்பது என் கட்சி.

டெக்சஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினில் வளர்ந்தவனுக்கு இரண்டு இரவுகளைச் சொன்னால் போதும். முதலாவது, 2006 ஜனவரி 4. பாசடீனாவில் ரோஸ் பௌல் மைதானம், கல்லூரிகளின் தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம், டெக்சஸும் யூஎஸ்சி பல்கலைக்கழகமும். எனக்கு அப்போது ஒன்றும் புரியாது. பக்கத்து வீட்டு சோபாவில் நீ என் மடியில் தூங்கிப்போயிருந்தாய். கடைசி 26 நொடி, நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, 5 யார்டு வேண்டும், டெக்சஸ் 38-33 என்று பின்தங்கியிருக்கிறது. டெக்சஸ் குவார்ட்டர்பேக் வின்ஸ் யங் பாஸ் போடத்தான் பின்வாங்கினார். ஆள் யாரும் கிடைக்கவில்லை, வலப்பக்கம் திரும்பி ஓடினார், 8 யார்டு, கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன். முடிவில் 41-38. தெருவே கத்தியதில் நீ எழுந்து அழுதாய். அன்று அவர் 19 முறை ஓடி 200 யார்டு எடுத்தார் என்பதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாவது, 2010 ஜனவரி 7. அதே பாசடீனா, அதே மைதானம், அதே தேசிய சாம்பியன்ஷிப். இந்த முறை எதிரே அலபாமா. டெக்சஸ் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய் நான்கு வருடத்தில் 45 வெற்றிகளைச் சேர்த்துவிட்டு வந்திருந்தார். டெக்சஸுக்கு அது ஐந்தாவது பிளே. கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று குவார்ட்டர்பேக்கே முடிவெடுக்கும் ஆப்ஷன் ஆட்டத்தில் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடினார், அலபாமாவின் மார்செல் டேரியஸ் அவர் தோளில் மோதினார். டிவியில் அது பெரிய அடியாகவே தெரியவில்லை. ஆனால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போய்விட்டது. மெக்காய் அத்துடன் வெளியே. முதல் வருட மாணவர் காரெட் கில்பர்ட் உள்ளே வந்து, ஒரு கட்டத்தில் 24-21 வரை இழுத்துக்கொண்டு வந்தார், பாவம். முடிவில் 37-21. நீ கடலையும் உளுந்தும் வைத்துப் பாடம் எடுத்தது அதற்கு மறுநாள்தான். "ஏன்டா அவன் ஓடினான்?" என்று நான் கேட்டதற்கு உன் பதில் அது.

இப்போது நீ என்ன சொல்வாய் என்று தெரியும். மெக்காய் ஓடியதும் டச்டவுன் போடும் எண்ட் ஸோன் பக்கத்தில்தான், அங்கே இடம் சுருங்கிவிடும், பாஸ் கடினம், குவார்ட்டர்பேக் ஓடுவது நியாயம்தான் என்பாய். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யங் அந்த சீசன் முழுக்க ஓடியது 155 முறை. 13 ஆட்டம், சராசரி 12கூட இல்லை. டெக்சஸ் பல ஆட்டங்களில் சீக்கிரமே எதிரியை நொறுக்கிவிட்டதால்தான் அந்த எண் சிறியது என்று இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாய். எந்தக் காரணத்தால் சிறியதாக இருந்தால் என்ன? ஜனவரியில் 19 முறை ஓடக் கால் மிச்சமிருந்தது.

நிறைய ஓடிய குவார்ட்டர்பேக் என்று லமார் ஜாக்சனைச் சொன்னாய். 2016இல் லூயிவில்லில் 260 ஓட்டம், 1,571 யார்டு, கையில் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. 2010இல் ஆபர்னில் கேம் நியூட்டன் 264 ஓட்டம், 14 ஆட்டத்திலும் வெற்றி. டிம் டீபோ 2007இல் 210. எல்லாம் உண்மை. ஆனால் இவர்கள் நின்று ஆடியதால்தான் நமக்கு இந்த எண்களே தெரிகின்றன. செப்டம்பரிலேயே முழங்கால் போனவன் பட்டியலுக்கு வருவதே இல்லை. நியூட்டன் ஆறடி ஐந்து அங்குலம். அவரை இடித்தவனுக்குத்தான் வலித்திருக்கும். உங்கள் குவார்ட்டர்பேக் பையனின் எடை என்ன என்று போனில் கேட்டேன், நீ பேச்சை மாற்றிவிட்டாய். எனக்குப் பிடித்த கணக்கு 2023இல் எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தில் ஜேடன் டேனியல்ஸ் போட்டது. 12 ஆட்டத்தில் 135 ஓட்டம்தான், ஆனால் 1,134 யார்டு. ஓட்டத்துக்கு எட்டு யார்டுக்கு மேல். அவருக்கும் ஹைஸ்மன் கிடைத்தது.

இன்னொன்று, உன் 18 எந்தக் கணக்கு? கல்லூரிக் கணக்கில் சாக் வாங்கினாலும், அதாவது பாஸ் போடுமுன் எதிரி வீழ்த்தினாலும், அது குவார்ட்டர்பேக்கின் ஓட்டமாகத்தான் எழுதப்படும், இழந்த யார்டும் ஓட்டத்திலேயே கழியும். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் அது பாஸ் பக்கம் போகிறது. அதனால் தாளில் 18 என்றிருந்தால் அதில் நான்கு அவன் ஓடவே ஓடாமல் கீழே விழுந்ததாக இருக்கலாம். இது உனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஹெட் கோச்சிடம் கொடுக்கும் தாளில் மூன்றையும் பிரித்து எழுது: நீங்கள் சொல்லி ஓடியது, பாஸ் கிடைக்காமல் தானாக ஓடியது, சாக். முதலாவது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. நான் சொன்ன ஒன்பது பத்தும் அதற்குத்தான். தானாக ஓடும் ஸ்கிராம்பிளைக் குறைக்கச் சொன்னால் பையனுக்குக் குழப்பம்தான் வரும். யங்கின் அந்த 8 யார்டும் ஸ்கிராம்பிள்தானே.

கிளினிக் பேச்சு என்று சிரித்தாய் அல்லவா, அதையும் கேட்டுக்கொள். நாற்பதைத் தாண்டிய ஒருவர் கொஞ்ச நாளாக என்னிடம் வருகிறார். ஹைஸ்கூலில் குவார்ட்டர்பேக்காம். வலது கையைத் தூக்கி மேல் அலமாரியில் ஒரு டப்பாவை வைக்க முடியவில்லை. எந்த ஆட்டத்தில் அடிபட்டது என்று கேட்டேன். எந்த ஆட்டத்திலும் இல்லை, எல்லா ஆட்டமும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன் என்றார். தோள் முனையில் விழுந்து விழுந்து எழுந்தவர். அவர் ஓடிய கணக்கு எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். விழுந்த கணக்கை யாரும் எழுதவில்லை. ஓட்டத்தை எண்ணாதே, அடியை எண்ணு என்று நான் சொல்வது இதனால்தான். கோட்டுக்கு வெளியே போய் முடியும் ஓட்டத்துக்கு என் கணக்கில் பூஜ்யம். எதிரணித் தடுப்பாளனான லைன்பேக்கர் நேராக வந்து மோதி முடியும் ஓட்டம் ஒன்றே மூன்றுக்குச் சமம். ஒரு ஆட்டத்தில் அப்படி மூன்று அடி வாங்கிவிட்டானா, அன்றைக்கு நீங்கள் சொல்லி ஓடும் ஓட்டம் அதோடு முடிந்தது, இரண்டாவது குவார்ட்டராகவே இருந்தாலும். மூன்று டச்டவுன் முன்னால் இருக்கும்போது ஒன்றுகூட வேண்டாம்.

விழுவதையும் சொல்லிக்கொடுங்கள். காலை முன்னே நீட்டிச் சறுக்கினால் பிளே அங்கேயே முடிந்துவிடும், மேலே விழுபவனுக்குத்தான் அபராதம். ஆனால் இருபது வயதுப் பையனுக்குச் சறுக்குவது கௌரவக் குறைவு, இன்னும் இரண்டு யார்டு கிடைக்குமே என்று தலையைக் குனிந்துகொண்டு இடிக்கப் போவான். 2021இல் பிட்ஸ்பர்க் குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட் சறுக்குவதுபோல் பாவனை காட்டி, எதிரிகள் நின்றதும் ஓடிப்போய் 58 யார்டு டச்டவுன் போட்டாரே, அப்பா சோபாவிலிருந்து விழாத குறை. சில நாளிலேயே விதியைத் திருத்தி அந்தத் தந்திரத்துக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். நல்லதுதான். சறுக்கும் பையனை எதிரி நம்பினால்தான் சறுக்குவதில் பாதுகாப்பு.

அப்புறம் பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்களைப் பார். 2014இல் ஒஹாயோ ஸ்டேட்டில் முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்கு சீசன் தொடங்குமுன்பே தோள் போயிற்று. ஜே.டி. பாரெட் வந்தார், மிச்சிகனுக்கு எதிராக ஓடியபோது கணுக்கால் முறிந்தது. மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ் தொடக்கத்திலிருந்து ஆடிய தன் முதல் ஆட்டத்திலேயே விஸ்கான்சினை 59-0 என்று வென்று, அலபாமாவையும் ஓரிகனையும் தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். மூன்றாவது ஆளாக அப்படி ஒருவர் இருந்தால் 18 என்ன, 25கூட ஓடவிடலாம். 2023 ஃப்ளோரிடா ஸ்டேட் இதற்கு நேர்மாறு. நவம்பரில், சின்ன டீமான நார்த் அலபாமாவுக்கு எதிராகக் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் 16 யார்டு ஓடினார், அந்த ஓட்டத்தின் முடிவில் இடது கால் போயிற்று. டீம் 13-0 என்று ஒன்றுகூடத் தோற்காமல் முடித்தும், அவர் இல்லாத டீம் வேறு டீம் என்று சொல்லித் தேர்வுக் குழு சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு எடுக்கவில்லை. 16 யார்டுக்கு எவ்வளவு விலை பார்.

உங்கள் கல்லூரியோ மூன்றாம் அடுக்கான டிவிஷன் த்ரீ. சீசனுக்குப் பத்தே ஆட்டம், விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. அந்தப் பையன் ஃபீஸ் கட்டிவிட்டு வந்து உங்களுக்காக இடி வாங்குகிறான். அக்கவுண்டன்சி படிக்கிறான் என்றாய். அவனுக்கு அடுத்தவன் யார் என்று கேட்டேன். "ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் இருக்கான்மா" என்று நீ இழுத்த இழுப்பிலேயே எனக்கு பதில் கிடைத்துவிட்டது. இந்த நிலைமையில் 18 என்று எழுதிக் கொடுக்க உனக்குக் கை வருமா? உன் ஆட்டக் கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆறாவது வாரத்துக்குப் பிறகு அந்தக் கணக்கைப் போட்டுப்பார்க்க முந்திரி வேண்டுமே.

அவனையும் ஒரு வார்த்தை கேள். ஹெட் கோச் இருக்கும்போது கேட்காதே, "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வான். திங்கட்கிழமை காலையில், மாடிப்படி இறங்கும்போது எங்கே வலிக்கிறது என்று கேள்.

அக்டோபர் ஆட்டத்துக்கு நானும் வருகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். குளிர் எப்படியிருக்கும் என்று நான்கு முறை கேட்டாயிற்று. பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுவருகிறோம். பருப்புப் பொடியில் பாதியை உன் ரூம்மேட் காலி பண்ணுவதால் இந்த முறை இரண்டு பாட்டில்.

போன சீசன் கடைசி இரண்டு ஆட்டங்களின் வீடியோவை எனக்கு அனுப்பு. பந்து எங்கே போகிறது என்பதை நீ பார்த்துக்கொள். விசில் ஊதியபிறகு அவன் எத்தனை முறை மெதுவாக எழுந்தான், எந்தக் கையை ஊன்றி எழுந்தான் என்று நான் எண்ணித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா