ஓய்வு பெற்ற மின் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மூத்தவர்களுக்கும் கூட வேலை பார்த்த நண்பர்களுக்கும்,

வணக்கம். சப்-ஸ்டேஷனில் ஷிப்ட் பார்த்து, அப்புறம் மாநிலத்தின் மின் தேவையையும் உற்பத்தியையும் நிமிஷத்துக்கு நிமிஷம் சரிக்கட்டும் லோடு டெஸ்பாட்ச் சென்டரில் கண் விழித்து ஓய்வு பெற்றவன் நான். உங்களில் பலரோடு ஒரே மேசையில் லாக் ஷீட் எழுதியிருக்கிறேன். போன தடவை நாம் எல்லோரும் கூடிச் சாப்பிட்டபோது பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "இது நம்மை வளரவிடாமல் தடுக்க வெள்ளைக்காரன் கட்டிய கதை" என்று ஒருவர் சொன்னார். பெரும்பாலானவர்கள் தலையாட்டினீர்கள். நான் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் வந்ததே வீட்டில் உறுத்திக்கொண்டிருந்தது.

இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. தெருவில் கரண்ட் போனால் இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்களிடம்தான் வந்து கேட்கிறார்கள். மின்சாரத்தைப் பற்றி நீங்கள் சொன்னால் நம்புகிறவர்கள், வானிலையைப் பற்றிச் சொன்னாலும் நம்புவார்கள்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது பெரிய நியாயம்.

பருவநிலையைக் காக்க நாடுகள் சேர்ந்து போட்ட கியோட்டோ ஒப்பந்தம் 1997-ல் வந்தது. அன்றைக்கு உலகம் பயன்படுத்திய மொத்த எரிசக்தியில் 80 சதவீதத்துக்கு மேல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு. இத்தனை மாநாடுகளுக்குப் பிறகு இன்றைக்கும் அது 80-ஐ ஒட்டியேதான் நிற்கிறது. 2024-ல் உலகம் எரித்த நிலக்கரி 870 கோடி டன்னுக்கு மேல். வரலாற்றில் அதற்கு முன் எந்த வருஷமும் அவ்வளவு எரித்ததில்லை. இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 2024-25-ல் 100 கோடி டன்னைத் தாண்டியது. "பசுமைக்கு மாறிவிட்டோம்" என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இந்தக் கணக்கை வைத்தால் பதில் வருவதில்லை. உங்களுக்கு எரிச்சல் வருவது எனக்குப் புரிகிறது.

மின்சாரம் மட்டும்தான் எரிசக்தி என்று நினைப்பதும் ஒரு பெரிய தப்பு. உலகின் இறுதிப் பயன்பாட்டில் மின்சாரத்தின் பங்கு ஐந்தில் ஒன்று அளவுதான். சிமென்ட் சூளை, இரும்பு உலை, லாரி டீசல், யூரியா எல்லாம் அதற்கு வெளியே கிடக்கின்றன. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு எரிவாயு வேண்டும். உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருடைய சோறு அந்தச் செயற்கை உரத்தில் விளைகிறது. இதை நிறுத்து என்று சொல்கிறவர் யாரைப் பட்டினி போடப்போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.

அப்புறம் நம் ஊர்க் காத்தாடிகள். 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் சின்னச் சின்ன காற்றாலைகளை நட்டு ஆரம்பித்த மாநிலம் நம்முடையது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று முப்பந்தலை நாடறிய வைத்தது. இப்போது தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன், அதாவது எல்லாம் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவு, 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் டெஸ்பாட்ச் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அந்த எண் எவ்வளவு வழுக்கலானது என்று தெரியும். ஆடி மாதம் ஒரு நல்ல நாளில் 5,000 மெகாவாட்டுக்கு மேல் கொட்டும். தை, மாசியில் சில நூறு மெகாவாட்டுக்கும் கீழே படுத்துக்கொள்ளும். நமக்குத் தேவை ஏறுவதோ பங்குனி, சித்திரையில். காற்று வரும்போது அனல் நிலையத்தின் உற்பத்தியைக் குறை, காற்று நின்றதும் ஏற்று என்று நாம் பட்ட பாட்டை வெளியே யாருக்கும் விளக்க முடியாது.

2025-ன் நடுவில் இந்தியாவின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்ற புதைபடிவம் அல்லாதது என்ற இலக்கை எட்டியதாக அரசு அறிவித்தது. நிறுவுதிறனில் பாதி என்பது உண்மை. உற்பத்தியான யூனிட்டை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரி. இரண்டு எண்ணும் சரி. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைக்கும்போதுதான் நமக்கு நம்பிக்கை போகிறது.

ஒரு கல்லூரியில் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர், மாநிலத்தின் அனல் நிலையங்களை எல்லாம் ஐந்து வருஷத்தில் மூடிவிடலாம் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சாயந்திரம் 7 மணிக்குச் சூரியன் இறங்கிய பிறகு எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டேன். என்னை நிலக்கரி கம்பெனிக்காரன் போலப் பார்த்தார்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் மக்கள் தவித்ததையும், சின்னப் பட்டறைகள் மூடியதையும், அதற்காக நாம் வாங்கிய வசவையும் அந்தப் பிள்ளைகள் பார்க்கவில்லை. அன்றைக்குத் தென்னக கிரிட், அதாவது தென் மாநிலங்களின் மின்வலை, தனியாக நின்றது. மற்ற இந்தியாவோடு அதைச் சேர்த்தது 2013 டிசம்பர் 31-ல்தான். வெளியிலிருந்து வாங்கலாம் என்றாலும் போதுமான கம்பி இல்லாத காலம் அது.

கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் 2021-ல் நடந்ததையும் சொல்வீர்கள். நிலக்கரியை "ஒழிப்பது" என்று இருந்ததைக் கடைசி நேரத்தில் "குறைப்பது" என்று மாற்றியதற்கு இந்தியாவைத் திட்டினார்கள். ஓர் அமெரிக்கர் தலைக்கு வருஷம் சுமார் 14 டன் கரியமில வாயு விடுகிறார், நாம் சுமார் 2 டன். தொழிற்புரட்சியில் இருந்து இதுவரை வானத்தில் சேர்ந்ததில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. அவர்கள் நமக்குப் பாடம் எடுக்கும்போது கோபம் வரத்தான் வேண்டும். எனக்கும் வருகிறது.

இவ்வளவும் நமக்குள் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் இதையெல்லாம் வைத்துக்கொண்டு "அதனால் பூமி சூடாவதே பொய்" என்று நீங்கள் தாண்டும் இடத்தில்தான் எனக்கு மனசு வலிக்கிறது. மாற்றுவழி சொல்கிறவன் கணக்குத் தப்பாகப் போட்டால் பௌதீகம் எப்படித் தப்பாகும்? டாக்டர் பில்லைக் கூட்டிப் போட்டார் என்பதற்காக ரத்தப் பரிசோதனை பொய் என்று சொல்வோமா?

அன்றைக்கு மேசையில் ஒரு கேள்வி வந்தது: "காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான், அது என்ன பண்ணிவிடும்?" கேட்டவர் டிரான்ஸ்ஃபார்மர் பராமரிப்பில் பெயர் எடுத்தவர். ஐயா, ஆயிலில் ஈரம் சில பத்து பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏறினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் பிடிவி (எத்தனை வோல்ட் வரை ஆயில் தாங்கும் என்ற சோதனை) பார்த்து, ஃபில்டர் மெஷினை இழுத்துக்கொண்டு ஓடுவீர்கள். உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீதரில் சிலிக்கா ஜெல் நிறம் மாறினாலே ஆளைக் கூப்பிட்டுத் திட்டுவீர்கள். 50 பிபிஎம் என்ன பண்ணும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? காற்றில் கரியமில வாயு 280 பிபிஎம்மில் இருந்து 420-க்கு மேல் போயிருக்கிறது. மீதி 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தரையிலிருந்து எழும் வெப்பக் கதிரைப் பிடிப்பதில்லை. பிடிக்கிற வேலையை நீராவியோடு சேர்ந்து இந்தச் சின்னப் பங்குதான் செய்கிறது. மின் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரில் அடைத்திருக்கும் எஸ்எஃப்6 வாயு கசிந்தால் எடை போட்டுக் கணக்கு வைக்கச் சொன்னார்களே, அதுவும் இதற்காகத்தான். எடைக்கு எடை அது கரியமில வாயுவைவிட 20,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும்.

இதை நேற்று யாரோ கண்டுபிடிக்கவில்லை. யூனிஸ் ஃபூட் 1856-லும் ஜான் டிண்டால் 1859-லும் சோதனை செய்து சொன்னார்கள். அரேனியஸ் 1896-ல் கணக்கே போட்டுவிட்டார். அப்போது ஐ.நா. சபையும் இல்லை, சோலார் கம்பெனியும் இல்லை, இந்தியாவின் வளர்ச்சியைத் தடுக்க வேண்டிய தேவையும் யாருக்கும் இல்லை.

"எரிமலை விடுவதுதான் அதிகம்" என்றார் இன்னொருவர். எல்லா எரிமலையும் சேர்ந்து விடுவது மனிதன் விடுவதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. காற்றில் ஏறிய கரி நம் புகைபோக்கியில் இருந்து வந்தது என்பதற்குக் கைரேகையும் இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான வருஷம் புதைந்து கிடந்தவை, அவற்றில் காலப்போக்கில் சிதைந்துபோகும் கார்பன்-14 மிச்சமில்லை. காற்றிலும் கார்பன்-14-ன் விகிதம் அதற்கேற்ப நீர்த்துப்போகிறது.

சூரியன்தான் காரணம் என்றால்? 1978-லிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனின் வீச்சை அளக்கின்றன. ஏற்றமில்லை. சூரியனால் சூடு ஏறினால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது, கீழடுக்கு மட்டும் சூடேறுகிறது. போர்வை போர்த்தினால் அப்படித்தான் ஆகும்.

போர்வை என்றதும் இரவு ஞாபகம் வருகிறது. 1950-களுக்குப் பிறகு உலக அளவில் பகலைவிட இரவு கூடுதலாகச் சூடேறியிருக்கிறது. இதற்கு நீங்கள் ஆராய்ச்சிக் கட்டுரை தேட வேண்டாம், உங்கள் லாக் ஷீட்டே போதும். நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சாயந்திர பீக், அதாவது உச்சத் தேவை, 9 மணிக்கு மேல் கரையும். இப்போது கோடையில் ராத்திரி 11 மணிக்கும் லோடு இறங்குவதில்லை. ஏசி பெருகியதும், கான்கிரீட் நகரம் பகல் சூட்டை ராத்திரி கக்குவதும் இதில் சேர்த்தி, மறுக்கவில்லை. ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மர் ராத்திரி ஆறும் என்று நம்பித்தான் பகலில் கொஞ்சம் ஏற்றி ஓட்டினோம். அந்த ஆறும் நேரம் சுருங்கிவிட்டது. 2024 மே மாதம் மாநிலத்தின் உச்சத் தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் வளர்ச்சி எவ்வளவு, வெக்கை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பருவநிலை மாற்றம்தான் அந்த மழையைக் கொண்டுவந்தது என்று ஒற்றை வரியில் நான் சொல்லமாட்டேன். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்பது மட்டும் பாடப்புத்தகத்தில் உள்ளது. மழை கொட்டும்போது அந்தக் கூடுதலும் சேர்ந்துதான் கொட்டுகிறது. தாமிரபரணிக் கரையில் கம்பம் சாய்ந்து, சப்-ஸ்டேஷனில் தண்ணீர் புகுந்தால், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேலை பார்ப்பவர்கள் நம் வயர்மேன்களும் ஹெல்ப்பர்களும்தான். பொய் என்று நாம் சொல்லும் ஒன்றுக்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

நாமும் தப்பாகச் சொன்னது உண்டு. 2010-ல் சோலார் ஒரு யூனிட் 10 ரூபாய்க்கு மேல் இருந்தபோது, இது பணக்காரன் வீட்டு விளையாட்டு என்று நாம் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. ஏழே வருஷம். நம் கணிப்பு அவ்வளவு தூரம் தவறியது என்பதை ஒப்புக்கொண்டால்தான், சேமிப்பு இல்லாத சோலார் போதாது என்று நாம் இன்றைக்குச் சொல்வதைப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அந்தச் சேமிப்பைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வந்தேன். கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையத்தை 1980-களிலேயே கட்டியவர்கள் நாம். மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறில் இருந்து தண்ணீரை மேலே ஏற்றி, பீக் நேரத்தில் இறக்கி ஓட்டும் வித்தை நமக்குப் புதிதில்லை. அதற்குப் பிறகு குந்தாவில் 500 மெகாவாட் என்று பேசத் தொடங்கி எத்தனை வருஷம் ஓடிவிட்டது! காற்றுக் காலத்தில் கம்பி போதாமல் காத்தாடியை நிறுத்தச் சொன்ன இரவுகள் உங்களுக்கு நினைவிருக்கும். எந்த ஃபீடரில் நஷ்டம், எந்த லைனில் நெரிசல், பழைய அனல் நிலையத்தை எவ்வளவு கீழே இறக்கி ஓட்டலாம், அப்படி ஓட்டினால் கொதிகலன் என்ன ஆகும் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. எந்த அனல் நிலையம் முதலில் ஓய்வெடுக்கலாம், எது இன்னும் பதினைந்து வருஷம் வேண்டும் என்று உணர்ச்சிவசப்படாமல் சொல்லக்கூடியவர்களும் நீங்கள்தான். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீனவர்கள் தொழில் கெட்டதை நாம் கண்ணால் பார்த்தோம். அதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும்போது கட்டண உயர்வைப் பற்றிப் பேச ஆள் வருகிறார்கள். சேமிப்புத் திட்டம், காற்றாலைக்கான மின்தடம், ராத்திரி பீக் பற்றிக் கேட்க வருகிறவர்கள் குறைவு. கேட்டாலும் பதிலில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து எரிமலையைப் பற்றி ஃபார்வர்டு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். கடம்பாறை போன கோடையில் எத்தனை மணி நேரம் பம்ப் மோடில் ஓடியது, ஓடாத நாட்களில் ஏன் ஓடவில்லை என்பதுதான் என் முதல் கேள்வி. எழுதி வைத்துவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலைப் பற்றி நான் மேலே கேட்டது யாரை என்று அவருக்குத் தெரியும். ஐயா, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டாவது கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களோடு ராத்திரி ஷிப்ட் பார்த்த ஒருவன்