சாவோ சாவோவின் சிநேகிதன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த விஷயம் படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே நலம்தான். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. உட்கார்ந்த இடத்தில் சீன வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன், ஹான் பேரரசு சிதறிய காலம்.

189இல் பேரரசர் லிங் இறந்ததும் தலைநகர் லுவோயாங் தோங் ஜுவோ என்ற தளபதியின் பிடிக்குள் போனது. அடுத்த வருடம் அவனை விரட்டக் கிழக்கத்தி ஆளுநர்கள் யுவான் ஷாவோ தலைமையில் கூடினார்கள். கூடினார்களே தவிர, பலர் முகாமில் விருந்து சாப்பிட்டார்கள். சாப்பாடு தீர்ந்ததும் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் சென்லியுவின் ஆளுநர் ஜாங் மியாவோ என்று ஒருவன். அதே கூட்டத்தில் இருந்த தளபதி சாவோ சாவோவுக்கு நெடுநாள் சிநேகிதன். யுவான் ஷாவோவின் திமிரை முகத்துக்கு நேரே கண்டித்தான். கோபம் வந்த யுவான் ஷாவோ, இவனைத் தீர்த்துவிடு என்று சாவோ சாவோவிடமே சொன்னான். சாவோ சாவோ மறுத்துவிட்டான். ஜாங் மியாவோவுக்கு இது தெரியும், நன்றியும் இருந்தது.

193இல் சாவோ சாவோவின் தந்தை கொல்லப்பட்டார். பழியை சூ மாகாணத்து ஆளுநர் தாவோ சியென் மேல் போட்டுப் படையெடுத்தான். போகும்போது வீட்டாரிடம், "நான் திரும்பாவிட்டால் ஜாங் மியாவோவிடம் போய்விடுங்கள்" என்றான். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பார்த்து அழுதிருக்கிறார்கள். (அந்தப் படை அங்கே பொதுமக்களை எப்படிக் கொன்று குவித்தது என்பதை எழுதப் பிடிக்கவில்லை.)

194இல் சாவோ சாவோ மறுபடியும் சூவுக்குப் போனான். அவனுடைய ஆள் சென் கொங், ஜாங் மியாவோ, இரண்டு பேரும் சேர்ந்து லூ பு என்ற போர்வீரனை அழைத்துவந்து சாவோ சாவோவின் யான் மாகாணத்தையே ஒப்படைத்துவிட்டார்கள். அதுவும் யாரிடம்? மேலதிகாரி திங் யுவானையும், தன்னை மகனாக ஏற்றுக்கொண்ட தோங் ஜுவோவையும் கொன்ற அதே லூ புவிடம்! சாவோ சாவோவுக்கு மிஞ்சியவை மூன்றே ஊர்கள்.

ஜாங் மியாவோ இப்படிச் செய்தது பதவி ஆசையால் என்று எனக்குத் தோன்றவில்லை. பயம்தான். சாவோ சாவோ அப்போது யுவான் ஷாவோவின் தயவில் இருந்தவன். இன்றைக்கு மறுத்தவன், நாளைக்கு நெருக்கினால் மறுப்பானா? உயிரைக் காப்பாற்றிய அந்த மறுப்பே ஜாங் மியாவோவின் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். அந்தக் காலத்தில் அணி மாறிய பலருக்கும் இதே கதைதான். லியு பெய் என்ற இன்னொரு தலைவன் எத்தனை பேரிடம் அண்டினான்! அவனுக்கு நல்ல பெயர், லூ புவுக்குக் கெட்ட பெயர். இது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

சாவோ சாவோ மாகாணத்தை மீட்டான். 195இல் யுவான் ஷூ என்ற வேறொரு தளபதியிடம் உதவி கேட்கப் போன வழியில் ஜாங் மியாவோவை அவனுடைய சொந்த ஆட்களே கொன்றார்கள். யோங்சியூ கோட்டையில் இருந்த அவன் குடும்பத்தை சாவோ சாவோ ஒருவர் விடாமல் கொன்றான். ஆனால் பிறகு சென் கொங்கைப் பிடித்து மரண தண்டனை கொடுத்தபோது, அவன் தாயைக் கடைசிவரை காப்பாற்றி, மகளுக்குக் கல்யாணமும் செய்துவைத்தான். சிநேகிதன் வீட்டாருக்கு மட்டும் ஏன் அந்த இரக்கம் இல்லை?

நீ இத்தனை வருடம் கோர்ட்டில் வாதாடியவன். ஜாங் மியாவோ பக்கம் பேச என்ன இருக்கிறது என்று எழுது. தை மாதம் குழந்தையோடு எல்லாரும் வாருங்கள், கீழ் அறையையே ஒழித்துத் தருகிறேன்.

அன்புடன்,
ராஜகோபால்