கோட்டுக்கு ஒரு விருது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சில நாள் படிப்பும் எழுத்தும் வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டு அவிழ்த்த அன்று முதலில் என் கண்ணில் பட்டது நீலம்தான். சன்னலுக்கு வெளியே, நான் மறந்தே போயிருந்த ஒரு நீலத்தில் வானம் கிடந்தது. புரை வளர வளரக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து நீலத்தை விழுங்கிவிடுமாம். பள்ளியில் இருந்த கடைசி ஆண்டுகளில் பிள்ளைகளின் நீர்வண்ணப் படங்களை அந்த மஞ்சள் வழியாகப் பார்த்துத்தான் திருத்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது மனம் கனத்துப்போயிற்று. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள்.

கண் தேறியதும் முதல் வேலையாக, நீ பட்டியல் போட்டிருந்த படங்களை எல்லாம் இன்னொரு முறை பார்த்தேன். நீ எழுதியது நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் ஆஸ்கார்காரர்கள்மேல் கோபம். விடுதி அறையில் விளக்கணைத்த பிறகும் நாம் பேசிக்கொண்டிருந்த வழக்குதான் இது. வரைந்த படத்தை எடுத்த படத்தோடு சமமாக வைக்கலாமா என்ற அதே வழக்கு. அன்று நீ மறுத்தாய், நான் வாதாடினேன். இன்று நீயும் அனிமேஷன் பக்கம் வந்து நின்றுகொண்டு என்னோடு சண்டை போடுவதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று உனக்குத் தெரியாது.

2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருது 'ஃப்ளோ'வுக்குப் போனது தவறு, 'தி வைல்ட் ரோபோ'வுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்கிறாய். நீ சொல்லும் காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. அந்த ரோபோ படத்தின் காடு எனக்கும் பிடித்தது. இலைகளிலும் பாறைகளிலும் தூரிகை போன தடம் தெரிகிறது. கணினியில் செய்த காட்டுக்கு அப்படி ஒரு கைவாகு வருவது அரிது. வாத்துக்குஞ்சை வளர்த்துப் பறக்கவிடும் இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் உணர்ச்சி உச்சத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதை வாயால் சொல்லிவிடுகிறார். முகமும் உடம்பும் ஏற்கெனவே சொல்லி முடித்ததை வசனம் மறுபடி சொல்கிறது. படம் வரைபவனுக்கு அது வலிக்கும்.

'ஃப்ளோ'வில் ஒரு சொல் கிடையாது. வெள்ளம் ஏறுகிறது, ஒரு பூனை ஏறக்கூடிய இடமெல்லாம் ஏறுகிறது, கடைசியில் ஒரு பாய்மரப் படகு வருகிறது, அதில் ஒரு கேப்பிபாரா, அதாவது பெரிய கொறிவிலங்கு. அவ்வளவுதான் தொடக்கம். பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் அவள், "இந்தப் பூனை பயப்படுகிறதா, கோபமா?" என்று கேட்டாள். படத்தை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்துப் பூனையின் தலையை மூன்று முறை வரைந்தேன். கண்ணும் வாயும் மூன்றிலும் ஒன்றுதான். முதல் தலையில் காதுகள் முன்னால் விடைத்து நிற்கின்றன. இரண்டாவதில் பக்கவாட்டில் சரிகின்றன. மூன்றாவதில் மண்டையோடு ஒட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொரு காதுக்கும் இரண்டே கோடு. அவள் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படம் முடியும்வரை எதையும் கேட்கவில்லை. காதுகளைப் பார்த்து அவளே படித்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் படம் பார்க்க இப்படிச் சொல்லிக்கொடுக்கும் படத்துக்கு விருது கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது?

குறையும் உண்டு, நீ சொன்னது சரி. நாயின் ரோமம் திட்டுத் திட்டாக, பழைய வீடியோ விளையாட்டில் வருவதுபோல இருக்கிறது. கின்ட்ஸ் சில்பலோடிஸ் என்ற அந்த லாட்வியா இளைஞர், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் செய்த படம் அது. செலவு ஏறத்தாழ 35 லட்சம் யூரோ. அதே பட்டியலில் இருந்த 'இன்சைட் அவுட் 2' உலகம் முழுவதும் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் சிறிய படம் என்பதற்காக இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள் என்று நீ எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிக் கொடுத்திருந்தால் நானே எதிர்த்திருப்பேன். அந்தப் பூனையின் நடையைக் கவனி. கால் வைக்கும் முன் ஒரு கணம் தயங்கி, தரையை நம்பலாமா என்று பார்த்துவிட்டுத்தான் எடையை இறக்குகிறது. எத்தனை நாள் ஒரு பூனையின் பின்னாலேயே அலைந்தால் அது கைக்கு வரும்! விருது அதற்குத்தான்.

நான் எப்போதும் கேட்கும் கேள்வி உனக்குத் தெரியும்: நடிகர்களை வைத்து இதையே எடுத்தால் எது காணாமல் போகும்? எதுவுமே போகாது என்றால், அந்தப் படம் எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் இந்த விருது அதற்கு இல்லை. போன கடிதத்தில் நீ இதைச் சரியாக மடக்கினாய். 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தை நடிகர்களை வைத்தே எடுக்கலாமே, ஜப்பானில் எடுத்தும் இருக்கிறார்களே, பிறகு எப்படி அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறாய் என்று கேட்டாய். இரண்டு நாள் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்த நாட்களில்தான் கிடைத்தது.

போர்க்காலப் பசியில் சிக்கிய அண்ணன் தங்கையின் கதை அது. அந்தத் தங்கை செத்சுகோவை நினைத்துப் பார். பசி முற்றிய நிலையில் மிட்டாய் என்று நினைத்துக் கோலிக்குண்டை வாயில் போட்டுச் சப்புகிறாள். மண்ணை உருட்டி வைத்து அண்ணனைச் சாப்பிடச் சொல்கிறாள். இதை ஒரு நிஜக் குழந்தை நடித்திருந்தால் நாம் அழுவோம்தான். ஆனால் மனத்தின் ஒரு மூலையில், அந்தக் குழந்தை படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்குப் போயிருக்கும், வயிறாரச் சாப்பிட்டிருக்கும் என்று ஓர் ஆறுதல் இருந்துகொண்டே இருக்கும். வரைந்த குழந்தைக்குப் போக வேறு வீடு இல்லை. படத்துக்கு வெளியே அவள் இல்லவே இல்லை. அதனால் அவள் சாகும்போது முழுவதுமாகச் சாகிறாள். இயக்குநர் இசாவோ தகஹாதா 1988-இல் செய்து வைத்த இந்தக் காரியத்தை எந்த நடிகையாலும் செய்ய முடியாது. இப்போது சொல், நடிகர்களை வைத்து எடுத்தால் காணாமல் போவது எது?

அந்தப் படம் வந்தபோது ஆஸ்காரில் முழுநீள அனிமேஷனுக்குத் தனிப் பிரிவே கிடையாது. அதனால் அதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. 2015-க்குத்தான் எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை. தகஹாதாவின் கடைசிப் படம், 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் ககுயா', பட்டியலில் இருந்தது. அவர் 78 வயதில் வெளியிட்ட படம். விருது 'பிக் ஹீரோ 6'-க்குப் போனது.

புதுக் கண்ணோடு 'ககுயா'வை மறுபடி பார்த்தேன் நண்பா. முன்பு வெறும் வெள்ளைத் தாளாகத் தெரிந்த இடங்களில் இலேசான நீலம் கரைந்திருக்கிறது. பல காட்சிகளில் படத்தின் ஓரங்கள் வரையப்படாமலே விட்டிருக்கின்றன. வண்ணம் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகும் முன்பே ஓய்ந்துவிடுகிறது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வேனே, தாளை எல்லாம் நிரப்பாதே, மூச்சுவிட இடம் வை என்று. அது அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கிறது.

அந்த ஓட்டத்தை உனக்குச் சொல்லியாக வேண்டும். பெயர்சூட்டு விருந்து நடக்கிறது. ககுயா திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். குடித்த ஆண்கள் அவளைப் பற்றி ஏளனமாகப் பேசுவது காதில் விழுகிறது. அதுவரை நூல் பிடித்ததுபோல ஓடிய கோடு சட்டென்று முறுக்கிக்கொள்கிறது. கதவுகளை உடைத்துக்கொண்டு வெளியே பாய்கிறாள். அடுக்கடுக்கான பட்டாடைகள் ஒவ்வொன்றாக வழியில் உதிர்கின்றன. ஓட ஓட, கோடு கரித்துண்டின் கிறுக்கலாக மாறுகிறது. முகம் இரண்டு மூன்று கீறல், கை ஒரு கீறல், மரங்கள் வெறும் இழுப்பு. கோபத்தில் தாளைக் கிழித்துவிடும் அழுத்தத்தோடு கரியைத் தேய்த்தால் எப்படி இருக்கும், அப்படி. அவள் கோபப்படுவதாக யாரும் சொல்லவில்லை. வரைந்த கையே கோபப்படுகிறது. நான் முப்பது ஆண்டு வரைந்தும், வரையக் கற்றுக்கொடுத்தும் இருக்கிறேன். ஒரு கோடு இவ்வளவு நடிக்கும் என்று அந்தக் காட்சியைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு அதற்குக் கொடுத்திருக்க வேண்டும். தகஹாதா 2018-இல் போய்விட்டார். இனிக் கொடுக்கவும் முடியாது.

'உல்ஃப்வாக்கர்ஸ்' பற்றி நீ ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய். அந்த அயர்லாந்துப் படத்தில் நகரம் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்ததுபோல நேர்க்கோடும் மூலையுமாக இருக்கிறது. காட்டுக்குள் போனதும் கோடு அவிழ்ந்துவிடுகிறது. உருவம் கட்ட முதலில் போடும் பென்சில் கோடுகளைக்கூட அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். அடங்கிய ஊர் எது, அடங்காத காடு எது என்று கோட்டைப் பார்த்தே சொல்லலாம். 2021-இல் 'சோல்' வென்றது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, அதுவும் தரமான படம்தான். என் வாக்கு இந்த ஓநாய்ப் படத்துக்கு.

இனி உன் பெரிய குற்றச்சாட்டு. தனிப் பிரிவே ஒரு வேலி, அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சிறந்த படத்துக்கே போட்டியிட விட வேண்டும் என்கிறாய். ஒரு காலத்தில் நானும் இதையே சொன்னேன். 1939-இல் 'ஸ்னோ ஒயிட்'டுக்காக வால்ட் டிஸ்னிக்கு ஒரு பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் கொடுத்தார்கள். அதில் அன்பு இருந்தது. சமமாக உட்காரவைக்கும் எண்ணம் இல்லை. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' ஐந்தே படங்கள் கொண்ட சிறந்த படப் பட்டியலுக்குள் நுழைந்தது. தனிப் பிரிவு தொடங்கி, 2002-இல் 'ஷ்ரெக்' முதல் விருதை வாங்கிய பிறகு, அந்தப் பெரிய பட்டியலுக்குப் போன அனிமேஷன் படங்கள் 'அப்', 'டாய் ஸ்டோரி 3' இரண்டுதான். அதுவும் பட்டியலைப் பத்தாக்கிய பிறகு. வேலி என்று நீ சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் வேலியை எடுத்தால் உள்ளே வரப்போவது யார்? பெரிய நிறுவனங்களின் படம் ஒன்றோ இரண்டோ வரும். லாட்வியாப் பூனை வருமா? 'ஃப்ளீ' வருமா? அந்த டென்மார்க் படத்தைப் பார்த்துவிட்டாயா? ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி வந்த ஒருவர் தன் கதையைச் சொல்கிறார். அவர் யாரென்று வெளியே தெரியக் கூடாது என்பதால் அவருக்கு வரைந்த முகம். கேமராவுக்கு முன்னால் சொல்ல முடியாததை அந்த முகத்துக்குப் பின்னால் இருந்து சொல்கிறார். என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. ஆவணப்படம், பன்னாட்டுப் படம், அனிமேஷன் என்று மூன்று பிரிவுகளில் பரிந்துரை பெற்று, ஒன்றிலும் வெல்லாமல் போனது. ஆகவே தனிப் பிரிவு இருக்கட்டும். வாக்களிப்பவர்கள் பார்த்துவிட்டு வாக்களித்தால் போதும். ஒரு பிரிவில் பரிந்துரை பெற்ற எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அதன் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம் என்று 2025-இல் விதி கொண்டுவந்துவிட்டார்கள். அது பத்தாண்டு முன்னால் வந்திருந்தால் ககுயா ஓடியதை எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

பேத்திக்கு வரைந்த மூன்று பூனைத் தலைகளை இதோடு வைத்திருக்கிறேன். நான் வேறு தாளில் வரைந்து தருவதாகச் சொன்னேன். அவள் இதையே அனுப்பச் சொல்லிவிட்டாள். ஓரத்தில் நான்காவதாக ஒரு தலை இருக்கிறதே, அது அவள் போட்டது. காது ஒன்று முன்னால், ஒன்று பின்னால். என்ன அர்த்தம் என்று கேட்டேன், உன்னையே கண்டுபிடிக்கச் சொன்னாள்.

வீட்டில் தங்கையைக் கேட்டதாகச் சொல். முழங்கால் வலி குறைந்ததா? 'ககுயா'வை இருவரும் சேர்ந்து ஒரு முறை பாருங்கள். விருந்துக் காட்சி வந்ததும் பேச்சை நிறுத்திவிடுங்கள். பார்த்துவிட்டு எழுது. அடுத்த மாதம் இடது கண்ணுக்கு முன்னால் உன் கடிதம் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்