செவலைக்காக நியூயார்க் போனேன்

பாஸ்டன்,
பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

நான் நலம். மாமாவும் பிள்ளைகளும் நலம்தானே? பாம்பனில் வாடைக்காற்று அடங்கியிருக்கும். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. மீன் கடையில் பகலெல்லாம் ஐஸ் அள்ளிப் போட்டுவிட்டு வெளியே வந்தால் தெருவிலும் ஐஸ்தான்.

போன வாரம் லீவு போட்டுவிட்டு நியூயார்க் போய் வந்தேன். எதற்கு என்று சொன்னால் மாமா சிரிப்பார். நாய்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கும் விருந்து! இதற்கென்றே 1935 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் போட்டி வைக்கிறார்கள். ஜெயித்தால் மேக்ஸ்வெல் பதக்கம். கட்டுரை, புத்தகம், கவிதை, புகைப்படம் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பரிசு. நம் கரை நாய் செவலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தேன், அது கடைசிப் பட்டியல் வரை வந்துவிட்டது.

வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் காட்சியும் அதே வாரம்தான். அது 1877-லிருந்து நடக்கிறது. ஒரு ஹோட்டல் பாரில் உட்கார்ந்து தங்கள் வேட்டைநாய்களைப் பற்றி அளந்துகொண்டிருந்த பணக்காரர்கள் ஆரம்பித்தது. அந்த ஹோட்டல் பெயரையே தங்கள் சங்கத்துக்கு வைத்துவிட்டார்கள். எனக்கு டிக்கெட் வாங்க வசதியில்லை, விருந்தோடு சரி.

கடன் வாங்கிய கோட்டு தோளில் நிற்கவில்லை. என் மேஜையில் இருந்த வயதான அம்மா ஒருவர் செவலையைப் பற்றிக் கேட்டார். மீன்பிடி வல்லம் தென்கடலில் இருந்து திரும்பும் நேரம் தெரிந்து கரையில் வந்து நிற்குமே, வலை உதறும்போது விழும் சின்ன மீனுக்காகக் காக்கைகளோடு மல்லுக்கட்டுமே, அதெல்லாம் சொன்னேன். ரசித்துக் கேட்டுவிட்டு, "அது யாருடைய நாய்?" என்றார். யாருடையதும் இல்லை, கரையில் இருக்கும், உன் வீட்டில் ஒரு வேளை சாப்பிடும், ராத்திரி சவேரியார் வீட்டு வல்லத்தடியில் படுக்கும் என்றேன். அவருக்குப் பிடிபடவே இல்லை. "அப்போது தடுப்பூசி யார் போடுவார்கள்?" என்று அடுத்த கேள்வி. நான் தண்ணீர் குடித்தேன்.

பேச்சை மாற்ற எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொன்னேன். திருவண்ணாமலைப் பக்கம், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். மாடுகளுக்காக நடந்த சண்டையில் செத்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு என்றதும் மேஜையே நிமிர்ந்தது. உங்கள் சங்கத்துக்கு முன்னாலேயே எங்கள் ஊரில் நாய்க்கு எழுதிவிட்டார்கள் என்று கொஞ்சம் பெருமையடித்தும்விட்டேன். நம் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வந்ததையும் சேர்த்துக்கொண்டேன், விடுவேனா!

பதக்கம் வேறொருவருக்குப் போனது. தன் கிழட்டு நாயின் கடைசி மாதங்களை எழுதியிருந்த பெண். மேடையில் வாசித்த பத்தியைக் கேட்டேன். அவருக்குக் கொடுத்தது நியாயம்தான். ஆனாலும் அன்று பேசப்பட்ட நாய்களெல்லாம் மெத்தையில் படுக்கிற நாய்கள். செவலை மாதிரிப் பொதுநாய்க்கு அங்கே ஆள் இல்லை. ஊருக்கே சொந்தமான நாய் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், சோறும் போடுகிறோம். ஊசி போட மட்டும் அது யாருடைய நாயும் இல்லை. அந்த அம்மா கேட்டது பஸ்ஸில் திரும்பி வரும்போதும் மனசைக் குடைந்துகொண்டே இருந்தது.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். சின்னத் தம்பியை அனுப்பி, கால்நடை மருந்தகத்தில் வெறிநாய்த் தடுப்பூசி எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்கச் சொல். செவலைக்கும் அதன் குட்டிகளுக்கும் போட்டுவிடுங்கள், ஆட்டோ செலவு என்னுடையது. பிள்ளைகளை எந்த நாய் கடித்தாலும், லேசாகக் கீறினாலும்கூட, சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. மஞ்சள் வைக்கிறேன், மிளகாய் வைக்கிறேன் என்று ஆச்சி வந்தால் விடாதே.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், மாமா கையில் காசு இருக்காது. அதற்குள் கொஞ்சம் பணம் அனுப்புகிறேன். ஊசி போட்ட சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி